தாய்க்கு ஒரு காப்புப் பருவம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. பிறந்த குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் பருவம் அது. பாட்டியல் நூல்கள் அதனைக் குழந்தையின் இரண்டாம், மூன்றாம் திங்களையொட்டி வைக்கின்றன. பின்னர் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை வளர வளரப் பாட்டும் வளரும். இவ்வகைக்கு வித்திட்டவர் திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் என்பது நாம் அறிந்ததே. யசோதையின் நிலையில் நின்று தாலாட்டியும், நீராட அழைத்தும், பூச்சூட்டியும், அந்திக் காப்பிட்டும் அவர் பாடியவை தமிழின் பெருஞ்செல்வம்.

ஆயினும் ஒன்று உண்டு. அப்பாடல்களில் தாயின் கண் இருக்கிறது, கை இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது. பிள்ளை பெற்று மீண்ட அவளது உடம்பைப் பற்றிய பேச்சு அரிது. குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்த மரபு, தாய்க்கு ஒரு பருவமும் வகுக்கவில்லை. குழந்தையைப் பாட எழுந்த இலக்கியத்தை இதற்காகக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அதே மௌனம் சட்டத்திலும் அரசுத் திட்டத்திலும் நெடுங்காலம் நிலவியது என்பது வேறு செய்தி. கருவுற்றவளைக் கணக்கில் எடுத்தார்கள்; பிறந்த குழந்தையைக் கணக்கில் எடுத்தார்கள்; இடையில் நின்ற தாய் மெல்ல ஏட்டிலிருந்து நழுவினாள். அவளுக்கென்று காப்பு வந்த வரலாற்றையும், அப்படியொரு காப்பு இருப்பதை அவளிடம் யார் சொன்னார்கள் என்பதையும் இங்கே காண்போம்.

இவ்வரலாற்றைச் சேத்தூரில் நின்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. பழைய நூல்களில் சேற்றூர் என்று காணப்படும். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஜமீன் இருந்த இடம். இன்று அதனைச் சுற்றி நெல்வயல்களும் தோப்புகளும் உள்ளன. அருகே தளவாய்புரத்தில் பெண்களுக்கான ஆயத்த ஆடைத் தையல், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு, இராசபாளையத்தில் நூற்பாலைகள். ஒரே வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளி, வீட்டில் தைப்பவர், தறியில் நெய்பவர், வயலில் நாற்று நடுபவர் என நால்வகைப் பெண்கள். இந்நால்வருக்கும் மகப்பேற்றுக்குப் பிந்தைய உரிமை ஒரே நாளில் வரவில்லை. ஒரே வழியாகவும் வரவில்லை.

பச்சை உடம்பு

சட்டம் வருவதற்கு முன் வீடு இருந்தது. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று நம் ஊர்கள் அழைத்தன. முப்பது நாள், நாற்பது நாள் என்று அவளுக்கு ஓய்வுக் கணக்கு உண்டு. காயம் அரைத்துக் கொடுப்பார்கள், பூண்டும் கருவாடும் சேர்த்துச் சமைப்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள். தலைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அவளுக்கு வேலையிலிருந்து விடுப்பு அளித்த, எழுதப்படாத சட்டம் என்றே சொல்லலாம்.

ஆனால் அக்காப்பு எல்லார்க்கும் வாய்த்ததன்று. அன்றாடக் கூலியில் வாழ்ந்த பெண் பத்தாம் நாளே களத்திற்குத் திரும்பினாள். மேலும், தீட்டென்று ஒதுக்கி வைத்த இருட்டறையும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைத்த பழக்கமும், தாகத்திற்குத் தண்ணீர் மறுத்த கட்டுப்பாடும் அதே மரபின் மறுபக்கம். காய்ச்சலும் உதிரப்போக்கும் வந்தபோது மருத்துவச்சியின் கைக்கு எட்டியது சிறிதே. 1946-ஆம் ஆண்டு அறிக்கை அளித்த போர் குழு, அன்றைய இந்தியாவில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறந்ததாக மதிப்பிட்டது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர்.

புதிய மருத்துவ அறிவு தமிழில் வராமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மான்செல் என்பார் எழுதிய பிரசவ மருத்துவ நூலைத் தமிழாக்கி 1857-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஆனால் அது மருத்துவ மாணவர்க்கான நூல். தாய் அதன் பொருளாக இருந்தாள், வாசகியாக இல்லை. எழுத்தறியாத பெண்ணுக்கு அந்த அறிவை எடுத்துச் செல்லும் வழி அன்று இல்லை. நாம் சொல்லப்போகும் வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஆறு வாரம் என்னும் கணக்கு

1919-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் பெண் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதில் இணையவில்லை. தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி 1924-ஆம் ஆண்டு மத்திய சட்டமன்றத்தில் மகப்பேற்று மசோதாவைக் கொண்டுவந்தார், அது தோற்றது. பின்னர் மாகாணங்களே முன்வந்தன. 1929-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணம் சட்டம் இயற்றியது. 1934-ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மகப்பேற்று நலச் சட்டம் இயற்றியது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னொரு படி ஏறி, தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது.

நாடு விடுதலை பெற்றபின் 1948-ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும், 1961-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டமும் வந்தன. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைத்தல் கூடாது என்றது 1961-ஆம் ஆண்டுச் சட்டம். வாஷிங்டனில் பிறந்த அந்த ஆறு வாரக் கணக்கு, 42 நாள் என்ற உருவில் இன்றும் நம்மோடு இருக்கிறது. மகப்பேற்று மரணத்தை உலக சுகாதார நிறுவனம் வரையறுப்பதும் பேற்றுக்குப் பிந்தைய 42 நாள் வரையில்தான்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நம் கவனத்திற்கு உரியது. பெண்கள் பணிபுரியும் ஒவ்வொரு பகுதியிலும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், அவ்வட்டார மொழியில், சட்டத்தின் சுருக்கத்தை முதலாளி எழுதி வைக்க வேண்டும் என்பது அப்பிரிவு. உரிமையைத் தருவது மட்டும் போதாது, தெரிவிக்கவும் வேண்டும் என்று சட்டமே உணர்ந்த இடம் இது. நல்ல நோக்கம்தான். எனினும் அந்நாளில் தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் எழுத்தறியாதவர். சுவரில் தாள் இருந்தது. தாளில் உரிமை இருந்தது. படிக்க வேண்டியவளுக்கோ எழுத்து இல்லை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, பணியில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்திலும் மின்வழியிலும் அவளது பயன்களைத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. சுவரிலிருந்து அவள் கைக்கு வந்துசேர அச்செய்திக்கு 56 ஆண்டுகள் ஆயின. இச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. 26 வார விடுப்பு அதிலும் தொடர்கிறது.

சுவர் இல்லாத பெண்கள்

இராசபாளையத்து ஆலைப் பெண்ணுக்கு மேற்சொன்ன சட்டங்கள் பொருந்தும். ஆனால் தாள் ஒட்ட ஒரு சுவரே இல்லாத பெண்களின் நிலை என்ன? சத்திரப்பட்டியில் நெய்த துணி எங்கெங்கோ பிரசவ அறைகளுக்குப் போகிறது. அத்துணியைத் தன் வீட்டுத் தறியில் நெய்த பெண் பிள்ளை பெற்றால் அவளுக்கு விடுப்பளிக்க முதலாளி என்று ஒருவர் இல்லை. தளவாய்புரத்தில் துண்டுக் கணக்கில் தைப்பவருக்கும், சேத்தூர் வயலில் களையெடுப்பவருக்கும் அதே கதைதான்.

இவர்களை நினைத்து வந்ததே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதியுதவித் திட்டம். புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் விளங்கியவர் முத்துலட்சுமி. ஸ்திரீ தர்மம் இதழின் ஆசிரியராகப் பெண்களோடு எழுத்தில் பேசியவரும்கூட. அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்து, 1987-ஆம் ஆண்டு தமிழக அரசு இத்திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் சில நூறு ரூபாயாக இருந்த உதவி, 2006-ஆம் ஆண்டு 6,000 ரூபாயாகவும், 2011-ஆம் ஆண்டு 12,000 ரூபாயாகவும், 2018-ஆம் ஆண்டு 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இப்பதினெட்டாயிரத்தில் 14,000 ரூபாய் பணமாகவும், எஞ்சிய 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும்படி வகுக்கப்பட்டது. ஒன்றிய அரசு 2017-ஆம் ஆண்டு தொடங்கிய மாத்ரு வந்தனா திட்டமும் தமிழகத்தில் இதனோடு இணைந்தே நடக்கிறது.

இந்த உயர்வைவிட முக்கியமான மாற்றம் ஒன்று 2011-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தொகை மூன்று தவணையாகப் பிரிக்கப்பட்டது: கருவுற்றிருக்கும்போது 4,000, அரசு மருத்துவமனையில் பேறு முடிந்தபின் 4,000, குழந்தைக்கு மூன்றாம் தவணைத் தடுப்பூசி முடிந்தபின் 4,000. பிள்ளை பிறந்து மாதங்கள் கழித்தும் தாய் அரசின் ஏட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் இதனால் ஏற்பட்டது. பின்னாளில் தவணைகளின் எண்ணிக்கையும் காலமும் மாற்றப்பட்டன. மாற்றம் வரும்போதெல்லாம் அதனை ஒருவர் தாயிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்ல வந்த குரல்

அந்த ஒருவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர்ப்பேச்சில் நர்சம்மா. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். கருவுற்றவளைப் பதிவதும், பேற்றுக்குப் பின் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்ப்பதும், உதவித்தொகைக்கு உரிய தாள்களைச் சேர்ப்பதும் அவர் பணி. இவரோடு அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்துகொண்டார். 1980-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், பாலூட்டும் தாயையும் ஊட்டத்திற்கு உரியவளாகக் கண்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்க்கு அங்கன்வாடி வழியே விலையில்லா உணவு உண்டு என்று அதனை உரிமையாகவே எழுதிவிட்டது.

எழுத்தால் முடியாததைக் குரல் செய்தது என்று நாம் கருதுகிறோம். நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன செய்தி, மாமியாரின் காதிலும் விழுந்தது. கணவனின் காதிலும் விழுந்தது. பச்சை உடம்புக்காரிக்குக் கீரை கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், சீம்பால் கொடுக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த அறிவு. வங்கிக் கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததும் அதே கண்கள்தாம்.

இதில் நம் பண்பாடே இட்ட ஒரு முடிச்சு உண்டு. தலைப்பேறு தாய்வீட்டில் என்பது வழக்கம். சேத்தூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதம் தென்காசிப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று கொள்வோம். பதிவு செய்த செவிலியர் இங்கே; பேற்றுக்குப் பின் பார்க்க வேண்டிய செவிலியர் அங்கே. மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பும்போது இரு ஏடுகளுக்கும் நடுவே அவள் விழுந்துவிடக்கூடும். கருவுற்ற காலத்திலிருந்து தாயையும் சேயையும் தொடரும் கணினிப் பதிவைத் தமிழகம் 2008-ஆம் ஆண்டளவில் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. தாய்வீடு போகும் பெண் சீர்வரிசையோடு அந்த எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் மறவாமல் கொண்டுபோக வேண்டிய காலம் இது.

பேற்றுக்குப் பிறகே பேராபத்து

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். தாய்மார் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிள்ளை பிறந்த பின்னரே நிகழ்கின்றன என்பது உலகளாவிய கண்டறிவு. உதிரப்போக்கு முதல் நாளிலேயே உயிரைக் குடிக்கும்; இரத்த அழுத்தமும் நச்சுக் காய்ச்சலும் அடுத்துவரும் வாரங்களில் தாக்கும். மனச்சோர்வோ சத்தமின்றி வந்து மாதக்கணக்கில் தங்கும். பேறு நல்லபடியாக முடிந்தது என்று வீடு நிம்மதி அடையும் நேரமே தாய்க்கு மிகுந்த கவனம் வேண்டிய நேரம்.

தமிழகம் இதனைப் பாடமாகக் கற்றது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, எங்கே தாமதம் நேர்ந்தது என்று கேட்கும் முறை இங்கே வேரூன்றியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கும் ஏற்பாடு பரவியது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 2001-03-இல் இலட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தமிழகத் தாய்மார் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20-இல் இந்திய அளவு 97.

2011 ஜூன் மாதம் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், அரசு மருத்துவமனையில் பேறு, அறுவை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு யாவும் இலவசம் என்றது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், பேறு முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வாகனம் உண்டு என்றது. முதலில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு 30 நாள் வரை இருந்த இலவசச் சிகிச்சை, பின்னர் ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. பேற்றுக்குப் பின் தாய்க்கு வரும் சிக்கல்களும் சேர்க்கப்பட்டன. பெருஞ்சிகிச்சை தேவைப்பட்டால் 2009-ஆம் ஆண்டு தொடங்கி 2012-ஆம் ஆண்டு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீடாக வடிவம் மாறிய திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அது உரியது.

நாற்பத்திரண்டுக்கு அப்பால்

இத்தனை இருந்தும், தாயைப் பற்றிய கவனம் 42-ஆம் நாளோடு தளர்ந்துவிடுகிறது. அதன்பின் துணை நிலையத்திற்கு அவள் வருவது குழந்தையின் தடுப்பூசிக்காகத்தான். ஊசி குழந்தைக்கு; எடை குழந்தைக்கு; கேள்வி குழந்தையைப் பற்றி. உடன் வந்தவளைப் பார்த்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஏட்டில் கட்டமில்லை என்றால், கேட்பது செவிலியரின் நல்லுள்ளத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் வறியோர்க்கான மெடிக்கெய்டு மருத்துவக் காப்பு, கருவுற்றமையால் அதில் சேர்ந்த பெண்ணுக்குப் பேறு முடிந்த 60 நாளில் அற்றுப்போகும்படி நெடுங்காலம் இருந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை ஓராண்டாக நீட்ட மாநிலங்களுக்கு வழிவிட்டது. 2022 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான மாநிலங்கள் நீட்டின. அங்கும் எழுந்த வினா இதுவே: காப்பு நீண்டது என்பதைத் தாயிடம் சொல்வது யார்? நோய் வகைப்பாட்டில் 42 நாளுக்குப் பின் ஓராண்டுக்குள் நேரும் தாய் மரணத்திற்குப் பிந்தைய மகப்பேற்று மரணம் என்று தனிப்பெயர் உண்டு. உடம்பு நாட்காட்டி பார்ப்பதில்லை என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

தமிழக அரசு சமுதாய வளைகாப்பு நடத்துவதை நாம் அறிவோம். ஊரில் கருவுற்ற பெண்களை ஒன்றுகூட்டி, வளையலடுக்கி, சோறிட்டு, அந்த மகிழ்ச்சிக்கு நடுவே சத்துணவையும் பரிசோதனையையும் எடுத்துச் சொல்வது. மரபைப் பகைக்காமல் மரபின் தோளிலேயே அறிவை ஏற்றி அனுப்பும் நல்ல உத்தி. பிள்ளை பெற்ற பின்போ அப்படியொரு மேடை இல்லை. தொட்டிலிடும் நாள் உண்டு, பெயர் சூட்டும் நாள் உண்டு. அவை குழந்தையின் நாள்கள். அந்நாளில் வந்திருக்கும் சுற்றத்தார் நடுவே தாய்க்கு உரியவற்றையும் யாரேனும் எடுத்துச் சொன்னால் என்ன?

சொல்ல வேண்டியவை அதிகமில்லை. அடுத்த தவணை எப்போது என்று நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். ஆறு மாதம் வரை அங்கன்வாடியில் சத்துமாவு உனக்கும் உண்டு. ஆலையில் வேலை என்றால் 26 வாரத்தை விட்டுக்கொடுக்காதே. குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைச் சேர். உதிரம் மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, கால் வீங்கித் தலை வலித்தாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ, நாள் எத்தனை ஆனாலும் இராசபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போ. ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் பேசு.

இவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால், 1934-ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகச் சேர்ந்த உரிமைகள் யாவும் தாளிலேயே தங்கிவிடும். சேத்தூரிலிருந்து பார்த்தால் பெரியாழ்வாரின் ஊர் தொலைவில் இல்லை. கண்ணனுக்கு அந்திக் காப்பிட்ட அந்த மரபுக்கு, காப்பிடும் கையையும் காக்க வேண்டும் என்பது அயலான எண்ணமாக இராது. இனி நம் வீட்டில் ஒரு தொட்டில் கட்டும்போது, தொட்டிலுக்குள் பார்த்த பிறகு, அதனை ஆட்டுகிறவளிடமும் இரண்டு சொல் பேசுவோம்.